எடின்பரோவிலிருந்து ஃபைஃப் கடலோர ஊர்களுக்குத் தனி வழிகாட்டியுடன் ஒருநாள்: பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சென்ற அக்டோபரில் என் அம்மா, மனைவி, எட்டு வயது மகள் ஆகியோருடன் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிலிருந்து அதன் வடக்கே உள்ள ஃபைஃப் வட்டாரக் கடலோரத்துக்கு ஒருநாள் தனிச் சுற்றுலா சென்றேன். பதிவு செய்தபோது ஏழு ஊர்கள் என்றார்கள். ஐந்தில் இறங்கினோம், இரண்டை வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் கோட்டை வாசலுக்கு நாங்கள் மூச்சு வாங்க நடந்து சேர்ந்தபோது, அன்றைய கடைசி அனுமதி முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. வந்தவர் நல்ல ஓட்டுநர். ஆனால் வழிகாட்டி அல்லர். விடுதி வாசலில் இறங்கும்போது கூடுதல் நேரத்துக்கென்று 75 பவுண்டு தனியாகக் கேட்டார். சட்டப்படி அவர்கள் பக்கம் பிழை எதுவும் இல்லை, ஏனென்றால் நான் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் எல்லாமே எழுதியிருந்தது. அடுத்து போகிறவர்கள் அந்த நிபந்தனைகளைப் படிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஃபைஃப் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலைக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். 'நியூக்' என்றால் ஸ்காட்ஸ் மொழியில் மூலை. ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், க்ரெய்ல் என மீன்பிடி ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் அமைந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் தூரம் ஏறக்குறைய நான்கு மைலுக்குள்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வரைபடம் நம்மை நம்பவைத்துவிடுகிறது. ஆனால் வண்டியை நிறுத்த இடம் தேடுவது, செங்குத்தான சந்துகளில் துறைமுகம்வரை இறங்கி மீண்டும் ஏறுவது, கழிப்பறை, ஒரு கோப்பை காபி என்று ஓர் ஊருக்கு நாற்பது நிமிடம் எளிதில் கரைந்துவிடும்.

எட்டு மணி நேரச் சுற்றுலாவில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எஞ்சுவது நான்கு மணி நேரம். அதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒன்றுக்கே இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே செயின்ட் ஆண்ட்ரூஸுடன் மூன்று சிற்றூர்கள் போதும். என் பரிந்துரை பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், க்ரெய்ல். கடலை ஒட்டி நிற்கும் பழைய தேவாலயத்தையும் உப்புக் காய்ச்சிய காலத்துக் காற்றாலையையும் பார்க்க விரும்புகிறவர்கள் பிட்டன்வீமுக்குப் பதில் செயின்ட் மோனன்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். ஈலியின் கடற்கரை அழகானது. ஆனால் கடற்கரையில் காலாற நடக்க நேரமில்லாத நாளில் அங்கே இறங்குவதில் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை. ஆன்ஸ்ட்ரதரிலிருந்து மே தீவுக்குப் படகு போகிறது என்று படித்தவுடன் அதையும் சேர்க்கத் தோன்றும். பஃபின் பறவைகளைப் பார்க்க ஏப்ரல் முதல் ஜூலை வரை அது அருமையான பயணம்தான்; ஆனால் போக, இறங்கிப் பார்க்க, வர என அரை நாளுக்கு மேல் ஆகும். அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மாதமும் கிழமையும்

மே, ஜூன், செப்டம்பர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கு நெருங்கித்தான் சூரியன் மறைகிறது. டிசம்பர் கடைசியிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டை அக்டோபர் முதல் தேதியிலிருந்து குளிர்கால நேரத்துக்கு மாறுகிறது. உள்ளே விடுவதை அதன்பின் பிற்பகலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். என் பயணம் சிக்கியது இதில்தான். ஆகஸ்டில் எடின்பரோ விழாக்காலம்; பிட்டன்வீம் கலைவிழாவும் அதே மாதத்தில்தான் நடக்கிறது. இரண்டும் சேர்ந்து, வண்டியும் கிடைக்காது, நிறுத்த இடமும் கிடைக்காது.

கிழமையைப் பொறுத்தவரை, செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக கோல்ஃப் ஆட்டம் கிடையாது. அன்று அது பொதுமக்கள் நடக்கும் புல்வெளியாகிவிடும். அத்திடலில் உள்ள ஸ்வில்கன் பாலத்தின் மேல் நின்று படம் எடுப்பதுதான் உங்கள் கனவு என்றால் ஞாயிறே சிறந்தது. மற்ற நாட்களில் பந்து பறந்துகொண்டிருக்கும் என்பதால் வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்களை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள்: ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ டன்ஹில் லிங்க்ஸ் போட்டி நடக்கிறது, 2027 ஜூலையில் ஓப்பன் சாம்பியன்ஷிப் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது.

3. விசா

ஸ்காட்லாந்துக்கென்று தனி விசா கிடையாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். அதை வைத்துக்கொண்டு லண்டனில் இறங்கி எடின்பரோவுக்கு ரயிலில் போனால் நடுவில் எந்த எல்லைச் சோதனையும் இல்லை. ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. கட்டணங்களை ஏப்ரல் மாதங்களில் மாற்றுவது அங்கே வழக்கம் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அரசின் இணையதளத்தில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும்; முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். கோடை விடுமுறைக் கூட்டத்தில் கைரேகை பதிவதற்கான நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால், மூன்று மாதம் என்ற வாசல் திறந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை; ஆனால் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இதைப் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பல மடங்கு கட்டணம் வாங்கும் இடைத்தரகுத் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அரசின் செயலியையே பயன்படுத்துங்கள்.

சுற்றுலாவுக்கான முழுப் பணத்தையும் விசா கைக்கு வருமுன் கட்டாதீர்கள். பயணத் திட்டத்தை விண்ணப்பத்துடன் இணைக்கப் பணம் கட்டிய ரசீது தேவையில்லை. நாள், ஊர், தங்குமிடம் ஆகியவற்றை எழுதிய ஒரு பக்கம் போதும்.

4. வருபவர் ஓட்டுநரா, வழிகாட்டியா?

நான் கோட்டைவிட்ட இடம் இது. 'தனிச் சுற்றுலா' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சேவைகளை விற்கிறார்கள்.

முதலாவது, ஓட்டுநர் மட்டும். அவர் ஊருக்கு ஊர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நாம் சுற்றிவிட்டு வரும்வரை வண்டியில் காத்திருப்பார். இரண்டாவது, வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்லும் ஓட்டுநர்-வழிகாட்டி. இவரிலும் இரு வகை உண்டு: வண்டிக்குள் மட்டும் பேசுபவர், நம்முடன் இறங்கி நடந்து விளக்குபவர். மூன்றாவது, ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டி வேறொருவர். செலவு அதிகம், சிறு குடும்பத்துக்குத் தேவையில்லை.

பிரிட்டனில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய எந்தச் சட்ட உரிமமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே தகுதியை நாம்தான் கேட்டறிய வேண்டும். ஸ்காட்டிஷ் டூரிஸ்ட் கைட்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பின் நீலநிறச் சின்னம், அதாவது புளூ பேட்ஜ், வைத்திருப்பவர்கள் முறையாகப் படித்துத் தேர்வு எழுதியவர்கள். அந்த அமைப்பின் தளத்தில் வழிகாட்டியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சின்னம் இல்லாதவர்களிலும் சிறந்தவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பும்போது ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும்.

வழிகாட்டிக்கு உரிமம் தேவையில்லை என்றாலும் வண்டிக்கு உண்டு. எட்டுப் பயணிகள்வரை ஏற்றும் வண்டியை ஓட்டுநருடன் ஒருநாள் வாடகைக்கு விடுபவர் உள்ளூர் மன்றத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வண்டியில் அதற்கான உரிமப் பலகை இருக்கும். சொந்தக் காரில் மலிவாக அழைத்துப் போகிறேன் என்று சமூக ஊடகக் குழுக்களில் சொல்பவர்களிடம், அது நம்மவர்களாகவே இருந்தாலும், வாடகைப் பயணிகளுக்கான காப்பீடு பெரும்பாலும் இருக்காது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியது நாம்தான்.

5. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள்

தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் இன்று அனுப்புவதாக இருந்தால் கீழ்வருவனவற்றைத்தான் கேட்பேன்.

எட்டு மணி நேரம் என்பது எங்கள் விடுதி வாசலில் தொடங்கி அங்கேயே முடிகிறதா, அல்லது உங்கள் வண்டி கிளம்பும் இடத்திலிருந்து கணக்கா? கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு? சாலை நெரிசலால் தாமதமானாலும் அந்தக் கட்டணம் உண்டா? வழிகாட்டி ஊர்களில் எங்களுடன் இறங்கி நடப்பாரா? அவர் பெயர் என்ன, எந்தத் தகுதி வைத்திருக்கிறார்? அவர் வர முடியாமல் போனால் மாற்றாக வருபவரும் அதே தகுதியுடையவரா? எரிபொருள், வண்டி நிறுத்தக் கட்டணம், வழிகாட்டியின் சாப்பாடு ஆகியவை விலைக்குள் அடங்குமா? நுழைவுச்சீட்டுகளை யார் வாங்குவது?

குழந்தை இருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வண்டியில் குழந்தைகளுக்கென்றே செய்த பாதுகாப்பு இருக்கை வேண்டும். வாடகை வண்டிகளுக்குச் சில விலக்குகள் உள்ளன. அந்த விலக்கை நம்பி எட்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டாம். குழந்தையின் வயது, உயரம், எடை மூன்றையும் எழுதி இருக்கை கேளுங்கள். பெரும்பாலும் கட்டணமின்றியே வைத்துத் தருகிறார்கள்.

முதியவர்கள் வந்தால் முழங்கால் நிலையையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். க்ரெய்ல் துறைமுகத்துக்கு இறங்கும் ஷோர்கேட் தெரு செங்குத்தான சரிவு. அம்மா பாதி வழியில் ஒரு வீட்டுக் கற்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எங்கள் ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருந்தால் அம்மாவைக் கீழே துறைமுகம்வரை வண்டியிலேயே கொண்டுபோய் விட்டிருக்க முடியும். இதை ஓட்டுநரே பிறகு சொன்னார்.

6. விலையும் பணம் செலுத்துதலும்

தனிச் சுற்றுலாவின் விலை வண்டிக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. நான்கு பேருக்கு, எட்டு மணி நேரத்துக்கு, எனக்கு வந்த விலைகள் 420 பவுண்டிலிருந்து 780 பவுண்டு வரை இருந்தன. நான் 495 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டேன். கூடுதல் நேரம், நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 700 பவுண்டை நெருங்கியது. ஒரு பவுண்டு 118 ரூபாய் என்றால் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

எனக்கு வந்த ஒரு விலைப்பட்டியலில் 'பாலச் சுங்கம்' என்றொரு வரி இருந்தது. ஃபோர்த் ஆற்றைக் கடக்க 2008 பிப்ரவரிக்குப் பிறகு சுங்கமே கிடையாது. இப்போது வண்டிகள் போகும் குயின்ஸ்ஃபெரி கிராசிங் 2017-இல் திறக்கப்பட்டது, அதற்கும் கட்டணமில்லை. இப்படி ஒரு வரியைக் கண்டால், அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் சந்தேகத்துடன் படியுங்கள்.

முன்பணமாக 20 முதல் 30 சதவீதம் கேட்பது இயல்பு. முழுத் தொகையையும் வங்கி மாற்றமாக மட்டும் அனுப்பச் சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். நம்மூர் கடன் அட்டையில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணமாக வங்கி 2 முதல் 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கக்கூடும். ரத்து செய்தால் எத்தனை நாள் முன்புவரை முழுப் பணமும் திரும்பும், விசா மறுக்கப்பட்டால் என்ன நிலை என்பதையும் கேட்டுவிடுங்கள். கப்பல் பயணத்தில் வருகிறவர்கள், கடல் கொந்தளிப்பால் கப்பல் கரைக்கு ஆட்களை இறக்காமல் போய்விட்டால் பணம் திரும்புமா என்பதையும் கேட்க வேண்டும்.

இருவர் மட்டும் போவதாக இருந்தால் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தனி வண்டி உங்களுக்குக் கட்டுப்படியாகாது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையத்துக்கு ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து 99-ஆம் எண் பேருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறது. அங்கிருந்து 95-ஆம் எண் பேருந்து க்ரெய்ல், ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம் வழியாகக் கரையோரமாகவே செல்கிறது. செலவு தனி வண்டியைவிட மிகக் குறைவு. விளக்கம் சொல்ல ஆள் இருக்க மாட்டார் என்பதுதான் குறை. செயின்ட் ஆண்ட்ரூஸில் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு நடை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் அந்தக் குறையும் தீரும்.

7. அன்றைய நேரக் கணக்கு

காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதரை என்று நிறுவனம் சொன்னால் மாற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் அருமை மாலையில்தான் தெரியும். ராயல் மைல் பகுதியில் தங்கியிருந்தால் சில தெருக்களுக்குள் வண்டி வர முடியாது. ஏறும் இடத்தை முந்தைய நாளே நடந்து பார்த்து வையுங்கள்.

எல்லாரும் முதலில் சவுத் குயின்ஸ்ஃபெரியில் நிறுத்துவார்கள். 1890-இல் திறந்த சிவப்பு ரயில் பாலத்தை அங்கிருந்து பார்ப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

அடுத்து, என் கருத்தில், நேரே செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்விட வேண்டும். வழக்கமான பாதை இதற்கு நேர்மாறானது: சிற்றூர்களை முதலில் முடித்துக்கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் நாளை முடிப்பார்கள். மூடும் நேரம் உள்ள இடங்கள் கடைசியில் வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான். துறைமுகங்களுக்குக் கதவும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. அவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். எடின்பரோவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஏறக்குறைய 50 மைல். ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்தேகாலுக்கு அங்கிருந்தால் கோட்டையையும் தேவாலய இடிபாடுகளையும் கூட்டமில்லாமல் பார்க்கலாம். தேவாலய வளாகத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. கோட்டையின் முற்றுகைக் காலச் சுரங்கத்தில் குனிந்து, சில இடங்களில் ஏறக்குறைய மடங்கி, நடக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கு வேண்டாம். பழைய கற்சுவர்களைச் சோதிப்பதற்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடிவிடுகிறார்கள் என்பதால் முந்தைய இரவு தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமுள்ள இடங்களுக்குப் பெரியவருக்கு ஏறக்குறைய 10 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு அதிகம் தவறாது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பி க்ரெய்ல், பிறகு ஆன்ஸ்ட்ரதர், கடைசியில் பிட்டன்வீம். ஆன்ஸ்ட்ரதரில் உள்ள ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மழை பெய்தால் ஒதுங்கவும் அதுவே இடம். பிட்டன்வீமில் மீன் சந்தையைப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்வார்கள். அது விடிகாலை வியாபாரம், நாம் போகும்போது கழுவிவிட்ட தரைதான் இருக்கும். வண்ணப் பெட்டிகளும் நண்டுக் கூடுகளும் அடுக்கிய துறைமுகமே பார்க்கப் போதுமானது. வற்றுநேரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். நீர் நிறைந்த துறைமுகம் படத்தில் வேண்டும் என்றால் அன்றைய ஏற்றநேரத்தைப் பார்த்து ஊர்களின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் எடின்பரோ. இது எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே ஒன்பதரை மணி நேரத்துக்கே முதலில் விலை கேளுங்கள். கூடுதல் நேரக் கட்டணத்தைவிட அது குறைவாகவே வரும்.

வெயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம். இக்கரையில் கோடையிலும் கடலிலிருந்து 'ஹார்' என்ற மூடுபனி எழுந்து பத்து நிமிடத்தில் ஊரையே மறைத்துவிடும். எடின்பரோவில் வெயில் அடிக்கும்போது க்ரெய்லில் பற்கள் தந்தியடிக்கும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும் என்பதால் தலைமூடி உள்ள மழைச்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

8. சாப்பாடு

ஆன்ஸ்ட்ரதரின் மீன் வறுவலும் சிப்ஸும் பேர்போனவை. வரிசையும் அதற்கேற்ற நீளம். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை தவிர்த்தால் நின்று கால் கடுக்காது. சைவம் உண்பவர்கள் கவனிக்க: ஸ்காட்லாந்தில் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். பலகையில் எழுதியிருக்காது, எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அம்மா மீனைத் தொடாமல் சிப்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார். பாதிப் பொட்டலம் தீர்ந்த பிறகுதான் மனைவி விசாரித்தாள். அன்று முழுவதும் அம்மா வேறெதையும் சாப்பிடவில்லை. சைவ உணவுக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. மாணவர் ஊர் என்பதால் அங்கே தேர்வுகள் அதிகம். க்ரெய்ல் துறைமுகத்து நண்டு, சிங்கிறால் கடை கோடையில் மட்டும் திறப்பது. கொண்டுவந்தது தீர்ந்தால் மூடிவிடுவார்கள்.

9. முடிவில் கொடுப்பதும் கையில் மிஞ்சுவதும்

வழிகாட்டிக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை. மனம் நிறைந்தால் பத்து சதவீதம் கொடுப்பது வழக்கம். ரொக்கமாகக் கொடுப்பது எளிது. கூடுதல் நேரம் ஏதாவது ஆகியிருந்தால், வண்டியை விட்டு இறங்குமுன் நேரத்தை இருவரும் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு மின்னஞ்சலில் வாதாட முடியாது.

ரொக்கம் எடுக்கும்போது கையில் வருபவை பெரும்பாலும் ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிட்ட நோட்டுகள். அவையும் பவுண்டுதான், மதிப்பும் அதேதான். ஆனால் லண்டனிலேயே சில கடைக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், நம்மூர் நாணய மாற்றகங்களில் பெரும்பாலும் வாங்குவதில்லை. தியாகராய நகரில் மூன்று கடை ஏறி இறங்கிய பிறகும் என் இருபது பவுண்டு நோட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. மிஞ்சியதை எடின்பரோவிலேயே செலவழித்துவிடுங்கள், அல்லது அங்குள்ள வங்கியிலோ அஞ்சலகத்திலோ இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றித் தரக் கேளுங்கள்.